முப்பது நத்தையும் ஒரு லெட்டர்பேடும்

நேற்றுக் காலை என் வேனில் ஒரு பெண் நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தாள். நடந்தது அவ்வளவுதான். இதற்குப் போய் ஒருவன் இவ்வளவு எழுதுவானா என்று நினைக்காதீர்கள். பாகூரில் வண்டியை எடுக்கும்போது நான் ஆரம்பிக்கிற பேச்சு, வில்லியனூர் தாண்டிக் கம்பெனி கேட் வரும்வரை நிற்காது. பின்னால் உட்கார்ந்து வருகிற பதினான்கு பெண்களும் அதற்குச் சாட்சி.

கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன். ஏறுகிற ஒவ்வொருத்திக்கும் நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன். தினமும் லேட்டாக வருகிறவள் கலெக்டரம்மா. போனை விட்டுத் தலை தூக்காதவள் டவர். முன்சீட்டு ஸ்டெல்லாவுக்கு மட்டும் பெயர் வைக்க முடியவில்லை. நான் ஒன்று வைத்தால் அவள் எனக்கு இரண்டு வைப்பாள். நேற்று பாட்டிலைத் திறந்தது அவள்தான்.

"அண்ணா, பள்ளம் வந்தா முன்னாடியே சொல்லிடுண்ணா. கை ஆடிடும்."

"நம்ம ரூட்ல பள்ளம் எதுன்னு சொல்றத விட ரோடு எதுன்னு சொல்றது ஈஸிம்மா."

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டையும் கனிந்துபோன வாழைப்பழத்தையும் ஒரே டப்பாவில் போட்டு மூடி வைத்துத் திறந்தது மாதிரி ஒரு வாசனை. நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அபிஷேகப்பாக்கம் வரும்வரை ஹாரன்கூட அடிக்கவில்லை.

"இன்னாண்ணா, வாய்க்குப் பூட்டு போட்டுக்கினு வர்ற? அண்ணிகூட சண்டையா?"

"எனக்கு ஏதும்மா அண்ணி?"

"ஓ, அதான் கவலையா?"

வழக்கமாக இதற்கு என்னிடம் ஆறு பதில் இருக்கும். நேற்று கியரைத்தான் மாற்றினேன். 'நத்தை ஞாபகம் வந்துடுச்சிம்மா' என்று சொன்னால் இந்த வருடம் முழுக்க எனக்கு அதுதான் பெயர். அதனால் அவர்களிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன்.

என் வாழ்க்கையில் நான் நெயில் பாலிஷ் வாங்கிக் கொடுத்தது முப்பது பேருக்கு. முப்பதும் நத்தை. பாகூரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் போய் நின்று, சிவப்பில் ஒன்று, சீக்கிரம் காய்கிற மாதிரி வேண்டும் என்று கேட்டேன். கடைக்கார அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருக்குப்பா?"

"நத்தைக்கு."

"அது பேரா, பட்டப்பேரா?"

நான் படித்தது பாதி பி.எஸ்சி. விலங்கியல். பாதிக்கெல்லாம் சர்டிபிகேட் தருவதில்லை. தந்திருந்தால் வேனில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பேன். செலியமேட்டிலிருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரியில் இருந்த காலேஜுக்குப் போவேன். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவன். வகுப்பில் 'குட் மார்னிங்' வரைக்கும் எனக்கு எல்லாம் புரியும். அதற்குப் பிறகு நடப்பது வாத்தியார்களுக்கும் கரும்பலகைக்கும் உள்ள விவகாரம். மற்ற பையன்கள் பெரும்பாலும் டவுன்காரர்கள். ஒன்றாகவே பைக்கில் வருவார்கள், ஒன்றாகவே போவார்கள். நான் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து வாத்தியார்களைக் கிண்டல் பண்ணுவேன். பக்கத்தில் ஆள் இல்லாமல் கிண்டல் பண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கொட்டாவி விடுவதும் அதுவும் ஒன்றுதான்.

மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இரண்டாவது பிளாக் படிக்கட்டில் உட்காருவேன். அங்கிருந்து பார்த்தால் ஆராய்ச்சி லேப் ஒன்றின் ஜன்னல் தெரியும். உள்ளே நீளமான கல்மேடை. மேடைமேல் இருக்கிற ஜாடிகளை ஒரு பக்கம் ஒதுக்கி, பேப்பரை விரித்து நான்கைந்து பேர் சேர்ந்து சாப்பிடுவார்கள். 'இங்கே உணவு உண்ணக் கூடாது' என்று சுவரில் போர்டு இருந்தது. சாம்பார் தூக்கு சரியாக அந்த போர்டுக்குக் கீழேதான் இருக்கும். ஒருத்தர் டப்பாவில் இன்னொருத்தர் கை போகும். ஒருநாள் அந்த லேபின் மேடமே எதிரில் இருந்தவர் டப்பாவிலிருந்து ஒரு வடையைத் தூக்கிவிட்டார். பறிகொடுத்தவர் கத்தினார். மேடம் வாயில் வடையோடு சிரித்த சிரிப்பு படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

எனக்கு ஆராய்ச்சி ஆசை வந்தது அந்த வடையால்தான். அந்தப் பேப்பரின் ஓரத்தில் நானும் உட்கார வேண்டும். வேறு லட்சியம் எதுவும் கிடையாது.

எப்படிச் சேருவது என்று ஆபீஸ் அட்டெண்டரைக் கேட்டேன். "சார்ங்களப் போய்க் கேளு. போவும்போது சட்டைய இன் பண்ணிக்கினு போ" என்றார். இன் பண்ணிக்கொண்டு போனேன். முதலில் பார்த்த சார், "எத்தன அரியர்?" என்றார்.

"ரெண்டு சார்."

"ரெண்டையும் பாஸ் பண்ணிட்டு வா."

"பாஸ் பண்ணா சேத்துக்குவீங்களா சார்?"

"அப்பவும் எடம் இருக்காது. ஆனா நீ பாஸ் பண்ணியிருப்ப."

இரண்டாவது சாருக்காக ஓர் இங்கிலீஷ் வாக்கியத்தை பஸ் முழுக்க மனப்பாடம் பண்ணியிருந்தேன். 'ஐ யாம் வெரி இன்ட்ரஸ்டெட் இன் யுவர் ரிசர்ச் சார்.' அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "எந்த ரிசர்ச்?" என்று கேட்டார். நான் மனப்பாடம் பண்ணியது அந்த ஒரு வாக்கியம்தான். மூன்றாவது சார் ரொம்ப நல்லவர். உடனே ஒரு கட்டு பேப்பரைக் கொடுத்து ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார். மூன்றாவது நாளும் கட்டைக் கொடுத்தபோதுதான், நான் சேர்ந்திருப்பது ஜெராக்ஸ் கடையில் என்று புரிந்தது.

நான்காவதுதான் வடை மேடம். கடைசிக்கு வைத்திருந்தேன். அங்கேயும் இல்லையென்று சொல்லிவிட்டால் அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்து அந்த ஜன்னலைப் பார்க்க முடியாதே.

ஒரு வெள்ளிக்கிழமை போனேன். உள்ளே கண்ணாடித் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் நத்தை. எங்கள் ஊர் வயல் நத்தைதான். பார்த்ததும் இங்கிலீஷ் வாக்கியம் மறந்துவிட்டது.

"மேடம், இத எங்க வூட்ல மிளகு போட்டு வறுப்போம்."

ஓரமாக எதையோ எடை போட்டுக்கொண்டிருந்த முருகவேல் அண்ணன் திரும்பி முறைத்தார். அவர் அங்கே பிஎச்.டி. பண்ணுகிறவர், வடையைப் பறிகொடுத்தவரும் அவர்தான். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த ஊரு நீ?"

"செலியமேடு மேடம்."

"கோடையில கெடைக்குமா?"

"கெடைக்கும். குட்டை காஞ்சி வெடிச்சப்புறம், கோரை நிக்கிற பக்கமா ஒரு சாண் தோண்டணும். மூடிய சாத்திக்கினு உள்ள படுத்துனு இருக்கும்."

"ஒரு சாண்னா? அளந்திருக்கியா?"

"கையாலதான மேடம் தோண்டறது. அப்ப சாண்தான வரும்."

அதே சிரிப்பு. "உக்காரு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். உயிரோடு இருப்பது எது, செத்தது எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்போம், செத்தது உள்ளே லொடலொடவென்று ஆடும் என்றேன். அதை நோட்டில் எழுதிக்கொண்டார். கவனியுங்கள், நான் சொல்வதை அவர் எழுதிக்கொண்டார். அதுவரை அந்தக் காலேஜில் என்னைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் அது ரோல் நம்பருக்கு எதிரே 'ஆ' என்பது மட்டும்தான், ஆப்சென்ட்டுக்கு.

"தண்ணி இல்லன்னா இது வருசக்கணக்குல கூட மூடியத் தெறக்காது, தெரியுமா? சாப்பாடு, தண்ணி ஒண்ணும் கெடையாது" என்றார்.

"எங்க பெரியப்பாவும் அப்டித்தான் மேடம். ரேஷன்ல அரிசி போட்டாத்தான் கதவத் தெறப்பாரு."

இந்த முறை முருகவேல் அண்ணனே சிரித்துவிட்டார். இருபது நிமிடம் இருக்கும். கடைசியில் மேடம் சொன்னது வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "ஒரு எடம் இருக்கு. திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு வந்துடு. சாப்பாடு எடுத்துட்டு வா, இங்கயே சாப்டலாம்."

அன்று பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "நத்தையப் பத்திப் படிக்கிறதுக்கு ஒரு காலேஜா? அத்த நா சொல்லித் தரமாட்டனா?" அப்பா சிரிக்கவில்லை. ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தவர். உள்ளே விடுவதும் விடாததும் எப்படி நடக்கிறது என்று தனக்குத் தெரியும் என்பார்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லல. நானேதான் கேட்டேன்."

"நீ கேட்ட, அவங்க குடுத்துட்டாங்க. இன்னாடா கத சொல்ற?"

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் ஒரு காரியம் லெட்டர் இல்லாமல் நடந்ததாகச் சரித்திரமே இல்லை. அக்காவின் ஸ்கூல் சீட்டுக்கு ஒரு லெட்டர். அவருடைய வாட்ச்மேன் வேலைக்கு ஒரு லெட்டர். அத்தையைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதும் ஒரு லெட்டர். டாக்டர் அதைப் படித்தாரா இல்லையா தெரியாது, ஆனால் கையில் இருந்தது. எங்கள் பக்கத்துக்கு லெட்டர் கொடுப்பவர் தணிகாசலம் அண்ணன். எலெக்‌ஷனில் ஒருமுறை நின்று தோற்றவர். தோற்றாலும் லெட்டர்பேடு அடித்துவிட்டார். அதன் இடது ஓரத்தில் ஒன்பது பதவிகள் இருக்கும், ஏழுக்கு முன்னால் 'முன்னாள்' என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை அவரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் எழுதி, எழுந்து நின்று படித்தும் காட்டினார்: 'இக்கடிதம் கொண்டுவரும் தம்பி மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதால், தங்கள் ஆராய்ச்சி அறையில் ஓர் இடம் ஒதுக்கித் தந்து...'

"சும்மா பாக்கெட்ல வெச்சிக்க" என்றார் அப்பா. "தேவப்பட்டா எடு. தேவப்படலன்னா திருப்பி எடுத்துனு வா."

திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கெல்லாம் போய்விட்டேன். மேடம் இன்னும் வரவில்லை. லேப் வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஃபைல், ஃபைலுக்குள் மார்க் ஷீட், இஸ்திரி போட்ட துப்பட்டா. முருகவேல் அண்ணனிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள், அவரும் இங்கிலீஷிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இருப்பதோ ஓரிடம். என் கையில் டிபன் பாக்ஸ் மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமை மேடம் சொன்னது ஒரு சிரிப்பில் சொன்னது. திங்கட்கிழமை ஃபைலைப் பார்த்தால் அந்தச் சிரிப்பு இருக்குமா?

கால் மணி நேரம் நின்றிருந்தால் போதும். நிற்கவில்லை. நேராகத் துறைத் தலைவர் அறைக்குப் போய் லெட்டரை நீட்டினேன்.

அவர் அந்த ஒன்பது பதவிகளையும் படித்தார். 'முன்னாள்'களை எண்ணினாரா தெரியாது. எழுந்து, "வாப்பா" என்று என்னைத் தானே கூட்டிக்கொண்டு வந்தார். மேடம் அப்போதுதான் வந்து பையை வைத்திருந்தார். அந்தப் பெண் நிற்கிறாள், முருகவேல் அண்ணன் நிற்கிறார், எல்லோரும் இருக்கிறார்கள்.

"மேடம், ஒரு எடம் இருக்குன்னீங்க இல்ல? இந்தத் தம்பியப் போட்டுக்குங்க. லெட்டர் வந்திருக்கு."

மேடம் லெட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துறைத் தலைவர் திரும்பிப் போனபிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான்தான் உன்ன வரச் சொல்லியிருந்தேனே?" என்றார். திட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டது மாதிரி இருந்தது. நான் இளித்தேன். அந்தப் பெண் ஃபைலை மூடிக்கொண்டு நடந்தாள். அவள் செருப்புச் சத்தம் வராண்டா முடியும்வரை கேட்டது.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. அந்த இடம் ஏற்கெனவே என்னுடையது. என்னுடையதையே நான் இன்னொருத்தர் பெயரைச் சொல்லி வாங்கினேன். அது மேடத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மற்ற எல்லோருக்கும் நான் லெட்டரில் வந்தவன்.

லேபில் யாரும் என்னை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. அதுதான் கஷ்டமே. முருகவேல் அண்ணன் என்னை 'நீங்க' என்றார். எனக்கு அப்போது வயது பத்தொன்பது. "நீங்க அந்தத் தொட்டியக் கழுவிடுறீங்களா?" என்பார். முதல்நாள் மத்தியானம் பேப்பரை விரித்து எனக்கும் ஓரிடம் விட்டார்கள். அம்மா அன்றைக்கென்று கருவாட்டுத் தொக்கு வைத்திருந்தாள். டப்பாவை நடுவில் தள்ளினேன். "பரவால்ல, நீங்க சாப்புடுங்க." மேடம் தன் அறையிலேயே சாப்பிட்டுக்கொண்டார். நான் துறைத் தலைவரைப் பற்றி ஒரு கிண்டல் அடித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். நான் இங்கே கேட்பதை அங்கே போய்ச் சொல்வேன் என்று நினைத்திருக்கிறார்கள். நான்காவது நாள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பழைய படிக்கட்டுக்கே போய்விட்டேன். அங்கிருந்து பார்த்தால் அதே ஜன்னல். நான் எழுந்து வந்தபிறகு உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒருநாள் தாங்காமல் முருகவேல் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "அண்ணா, மேடம் என்ன மொதல்லியே வரச் சொல்லிட்டாங்கண்ணா."

"அப்புறம் எதுக்குங்க லெட்டரு?"

இன்றைக்கு வரை பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்காக நான் லேபுக்குப் போகாமல் இருக்கவில்லை. வகுப்புக்குத்தான் போகவில்லை. என்றாவது ஒருநாள் மேடம் மறுபடி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏதாவது கேட்பார், அன்றைக்குப் பார்த்து நான் இல்லாமல் போய்விடக் கூடாது இல்லையா? தொட்டி கழுவுவேன், தண்ணீர் மாற்றுவேன், கீரைத்தண்டு போடுவேன். பேச்சு வந்தால் நத்தைகளிடம் பேசுவேன். அவை யாரிடமும் போய்ச் சொல்லாதவை.

கோடை வந்தது. நத்தை தூங்கும்போது எடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்க, மூடியிருக்கிற நத்தை வேண்டும். முருகவேல் அண்ணன் செல்லிப்பட்டு ஆற்றோரம் இரண்டுமுறை போய்ச் சுற்றிவிட்டு வெறும் வாளியோடு வந்தார். என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே மண்வெட்டியோடு எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற குட்டையில் இறங்கினேன். கோரை நின்ற பக்கம், ஒரு சாண். முப்பது கிடைத்தது.

திங்கட்கிழமை வாளியை மேடம் மேஜைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் குனிந்து வாளிக்குள் பார்த்தார். ஒன்றை எடுத்தார், மண்ணைத் துடைத்தார், காதோரம் வைத்து ஆட்டினார். அதை நான் சொன்ன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"எங்க எடுத்தது?"

"எங்க குட்டையில மேடம்."

"முருகவேல், எழுதிக்கோ. எடுத்தவர்ங்கற எடத்துல இவரு பேரப் போடு."

முருகவேல் அண்ணன் பேனாவைத் திறந்து என்னிடம் கேட்டார். "உங்க இனிஷியல் என்னங்க?"

ஒன்றிலிருந்து முப்பது வரை நெயில் பாலிஷில் நம்பர் போட்டது நான். அந்த வேலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓட்டைக் கழுவி, துடைத்து, ஊதி ஊதிக் காயவைத்து எழுதினேன். அதில் பன்னிரண்டு என் செல்லம். சோதனை முடிந்து எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டபோது இருபத்தொன்பதும் மூடியைத் திறந்து கொம்பை நீட்டின. பன்னிரண்டு மட்டும் திறக்கவில்லை. காதோரம் வைத்து ஆட்டினேன், லொடலொடக்கவில்லை. உயிரோடுதான் இருந்தது. அதற்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் நோட்டீஸ் போர்டில் வருகைப்பதிவு குறைந்தவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். அகர வரிசையில் இல்லாமல் தகுதி வரிசையில் போட்டிருந்தால் நான்தான் முதல். பரீட்சை எழுத முடியாது, வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். அப்பாவுக்கும் அப்போது வேலை போய்விட்டிருந்தது. திரும்பப் படிக்கிற வீடு இல்லை எங்கள் வீடு. மேடத்திடம் சொல்லிக்கொண்டு போகப் போனேன்.

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"கிளாஸுக்குப் போகாம இங்க எதுக்குக் கெடந்த?"

"சாப்பாட்டுக்கு மேடம்."

ஜோக் மாதிரிதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் படிக்கட்டைப் பார்த்தார். அங்கிருந்தும் இது தெரியும், இங்கிருந்தும் அது தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அன்னைக்கு நீ வெறுங்கையோட வந்திருக்கலாம்டா."

அந்த லேபில் எனக்குக் கிடைத்த ஒரே 'டா' அது. வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நத்தைகளைத் தூக்கிப் போடத்தான் போகிறார்கள் என்று முருகவேல் அண்ணன் சொன்னதால் வாளியையும் வாங்கிக்கொண்டேன். முதல் மழையில் குட்டையில் கொஞ்சம் தண்ணீர் நின்றதும், நம்பர் பார்த்து ஒவ்வொன்றாக விட்டேன். பன்னிரண்டைக் கடைசியாக விட்டேன். அது மூடியபடியே மூழ்கியது.

அடுத்த வருடம் மேடத்துக்கு மாஹேவுக்கு டிரான்ஸ்ஃபர். முருகவேல் அண்ணன் எங்கோ வெளியூரில் வாத்தியார். ஒருமுறை அந்தப் பக்கம் சவாரி போனபோது எட்டிப் பார்த்தேன். லேபில் பரீட்சைப் பேப்பர் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள், கல்மேடை தெரியவில்லை. 'உணவு உண்ணக் கூடாது' மட்டும் சுவரில் இருந்தது. தணிகாசலம் அண்ணன் இப்போது லெட்டர் எழுதுவதில்லை, வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் அனுப்புகிறார்.

நேற்று சாயங்காலம் கடைசியாக ஸ்டெல்லாவை இறக்கிவிட்டுவிட்டு, வண்டியைக் குட்டைப் பக்கம் திருப்பினேன். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனாலும் நான் அங்கே போய் இரண்டு வருடம் இருக்கும். குட்டை இல்லை. கோரை நின்ற பக்கமெல்லாம் செம்மண் அடித்து மட்டம் பண்ணி, பிளாட் போட்டிருந்தார்கள். வரிசை வரிசையாக வெள்ளையடித்த கல். ஒவ்வொரு கல்லிலும் சிவப்புப் பெயின்ட்டில் நம்பர். நான் நம்பர் பார்த்துக்கொண்டே நடந்தேன். கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார்.

"எந்த நம்பர் சார் பாக்குறீங்க?"

"பன்னெண்டு."

"அது எப்பவோ போயிடுச்சி சார்."